வீட்டிலிருந்தே வெப்சைட் கற்கலாம் – விடாமல் கற்கலாம்

(கிங்ஸ் சர்க்கிளில் நடைபெற்ற நம் சங்கத்தின் காலாண்டு உறுப்பினர் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை, சற்றே சுருக்கி இங்கே தரப்படுகிறது. – ஆசிரியர்)

 

"இண்டர்நெட்டில் வெப் டெவலப்மெண்ட் கற்பது பற்றி நீங்கள் பேச வேண்டும்" என்று செயலாளர் கேட்டபோது, "அதற்கு நம் பையன்களில் ஒருவனைக் கூப்பிடுங்களேன், நான் வங்கியில் நாற்பது வருஷம் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவன்" என்றேன். அவர் சொன்னார்: "சார், ஆரம்பிப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் வீடுகளில் பிரச்னை ஆரம்பிப்பதில் இல்லை. நடுவில் நின்றுபோவதில்தான்." மிகச் சரியான வார்த்தை. ஆகவே இன்று அந்த 'நடு'வைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு நிமிஷம். வெப்சைட் செய்வதை ஒரு ஃபிளாட் கட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எச்.டி.எம்.எல். என்பது சுவரும் அறைகளும். சி.எஸ்.எஸ். என்பது பெயிண்டும் அளவுகளும். ஜாவாஸ்கிரிப்ட் என்பது ஸ்விட்ச் போட்டால் விளக்கு எரிய வைக்கும் வயரிங். இந்த மூன்றையும் கற்க இன்று ஒரு பைசா செலவு வேண்டாம். இந்தத் தொழில்நுட்பத்தைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ வேலை பார்த்த செர்ன் ஆய்வுக்கூடம், 1993 ஏப்ரல் 30 அன்று அதை உலகத்துக்கே இலவசமாக விட்டுக்கொடுத்தது. அதனால்தான் மாட்டுங்காவில் சமையலறை மேஜையில் உட்கார்ந்தும் இதைப் படிக்க முடிகிறது.

சரி, இலவசம், வீட்டிலேயே, நினைத்த நேரத்தில். அப்படியானால் எல்லோரும் படித்து முடித்திருக்க வேண்டுமே? நடப்பது வேறு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணைய வகுப்புகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வகுப்புக்குள்ளேயே நுழையவில்லை. எம்.ஐ.டி. வகுப்பிலேயே இந்தக் கதி என்றால், நம் வீட்டுப் பிள்ளை பாதியில் விட்டதற்கு 'சோம்பேறி' என்று பட்டம் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

டைப் இன்ஸ்டிடியூட் கொடுத்தது என்ன?

இங்கே எழுபதைத் தாண்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். நாம் எதை நம்பி பம்பாய் ரயிலேறினோம்? டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட். நான் கும்பகோணத்தில் கற்றுக்கொண்டு 1972இல் இங்கே வந்தேன். ராமா நாயக் போர்டிங்கில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு அறையில் ஐந்து பேராகத் தங்கி, வேலைக்கு மனுப் போட்ட தலைமுறை நம்முடையது. நம்மை முன்னுக்குக் கொண்டுவந்தது பத்து விரல்கள்.

அந்த விரல்கள் எப்படிப் பழகின? முதல் வாரம் முழுக்க 'ஏ எஸ் டி எஃப்' என்று அர்த்தமே இல்லாத எழுத்துகள். சலிப்புக்குச் சலிப்பு, விரல் வலி வேறு. லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. முப்பதிலிருந்து நாற்பத்தைந்துக்குப் போவதற்குள் உயிர் போய்விடும். ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் முடித்தோம். நாம் என்ன இன்றைய குழந்தைகளைவிட புத்திசாலிகளா? நிச்சயம் இல்லை.

இன்ஸ்டிடியூட் நமக்கு டைப் மட்டும் சொல்லித் தரவில்லை. நமக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கித் தந்தது. காலை ஆறரை என்றால் ஆறரைதான். ஏழரைக்கு அடுத்தவன் வந்து பின்னால் நிற்பான். பக்கத்து மெஷினில் நம்மைப் போலவே தடுமாறுகிறவன் ஒருவன் இருந்தான். தப்பு செய்தால் ஸ்கேலால் மேஜையைத் தட்ட ஒரு வாத்தியார் இருந்தார். இரண்டு நாள் போகவில்லையென்றால் அவர் அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்து விசாரித்துவிடுவார்! எல்லாவற்றுக்கும் மேலாக, பரீட்சை என்று ஒரு தேதி இருந்தது.

இன்று வீட்டில் லேப்டாப் முன் தனியாக உட்காரும் குழந்தைக்கு இதில் எதுவுமே இல்லை. பாடம் இருக்கிறது, நேரம் இல்லை, பக்கத்து மெஷின் இல்லை, கேட்க ஆள் இல்லை, தேதியும் இல்லை. நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான்: இணையம் பாடத்தைக் கொடுத்தது, இன்ஸ்டிடியூட்டைக் கொடுக்கவில்லை. அதை நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

தப்பு யாருடையது?

என் தங்கை பெண் ஒருத்தி, இங்கே பக்கத்தில்தான் இருக்கிறாள். எம்.காம். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். 2020 லாக்டவுனில் அவள் ஆத்துக்காரருக்குச் சம்பளம் பாதியானது. ஃபிளாட் கடன் பாதியாகவில்லை. அந்த ஜூனில், முப்பத்தொன்பது வயதில், ஹெச்.டி.எம்.எல். படிக்க ஆரம்பித்தாள். மூன்று தடவை விட்டாள். ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து சொன்ன வாக்கியம் ஒன்றே: "மாமா, எனக்கு இதெல்லாம் வராது. எனக்கு அந்த மூளை இல்லை."

அவள் எங்கே நின்றாள் என்று சொல்கிறேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

முதல் தடவை ஒரு புகைப்படத்தால். வீட்டு லேப்டாப்பில் படம் அழகாகத் தெரிகிறது. இணையத்தில் ஏற்றியதும் படம் இருந்த இடம் காலி. மூன்று நாள் தூக்கமில்லை. காரணம் என்ன தெரியுமா? படத்தின் பெயரில் 'ஜேபிஜி' என்பது பெரிய எழுத்தில் இருந்தது, அவள் எழுதியது சின்ன எழுத்தில். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். இணையத்தில் பெரும்பாலும் இருப்பது லினக்ஸ். அது இரண்டையும் வேறு வேறு பெயராக எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது தடவை ஒரு பெட்டியால். 600 அளவு இடத்தில் 300, 300 என்று இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் பார்த்தாள். கணக்கு சரிதானே? ஆனால் இரண்டாவது பெட்டி கீழே விழுந்துவிடுகிறது. சி.எஸ்.எஸ். கணக்கில், 300 என்பது உள்ளே இருக்கும் ஸ்வீட்டுக்கு மட்டும். சுற்றிலும் 20 அளவு காகிதம், அதற்கு மேல் 5 அளவு அட்டை என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து பெட்டி 350 ஆகிவிடும். இரண்டு பெட்டி 700. 600இல் எப்படி அடங்கும்? 'நான் சொல்லும் அளவு அட்டையையும் சேர்த்துத்தான்' என்று ஒரே ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், மைக்ரோசாஃப்டின் பழைய இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 இந்த அளவை அவள் நினைத்த மாதிரிதான் கணக்குப் போட்டது. பெரிய பெரிய இஞ்சினியர்களே இரண்டு விதமாக நினைத்த விஷயம் இது!

மூன்றாவது தடவை ஒரு கூட்டல். ஜாவாஸ்கிரிப்டில் ஐந்தும் மூன்றும் கூட்டச் சொன்னாள். விடை 53! பார்ப்பவர் பெட்டியில் தட்டும் ஐந்தை அது எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்தாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் மூன்றை ஒட்டிவிட்டது. அதே ஐந்திலிருந்து மூன்றைக் கழித்தால் ஒழுங்காக 2 வரும். கூட்டலுக்கு ஒரு நியாயம், கழித்தலுக்கு ஒரு நியாயம். இந்த மொழியின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் எழுதினார். அவசரத்தில் கட்டிய வீட்டில் ஒன்றிரண்டு படிக்கட்டு உயரம் மாறி இருக்கத்தானே செய்யும்?

ஆக, மூன்று தடவையும் அவளுக்கு மூளை குறைவு என்பதற்கு அத்தாட்சி ஒன்றும் இல்லை. இந்த மூன்று கல்லிலும் அநேகமாகக் கற்கிற எல்லோரும் இடறுகிறார்கள். டைப்ரைட்டரில் தப்பு அடித்தால் காகிதத்தில் உடனே தெரியும். பிரவுசர் அப்படி இல்லை. தப்பாக எழுதினாலும் பெரும்பாலும் புகார் சொல்லாமல் தன்னால் முடிந்ததைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். தப்பு எங்கே என்று சொல்ல ஆள் இல்லாதபோது மனசு 'நான்தான் தப்பு' என்ற முடிவுக்குப் போய்விடுகிறது. இளைஞர்களே, இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று நாள் ஒரு இடத்தில் நிற்பது இந்தப் படிப்பில் விபத்து இல்லை. படிப்பே அதுதான்.

கேட்பது வேறு, பாடுவது வேறு

அடுத்த சங்கடம் வீடியோ. பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. மூடிவிட்டுத் தானே எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வருவதில்லை. நம்மில் எத்தனை பேர் சண்முகானந்தாவில் முப்பது வருஷமாகக் கச்சேரி கேட்கிறோம்! கல்யாணியா, சங்கராபரணமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். மேடையேறி சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடச் சொன்னால்? கேட்டால் ஞானம் வரும். சாதகம் செய்தால்தான் குரல் வரும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு பாடம் அமைத்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். பவாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் உருவான 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம். ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிஷம். திரையில் ஒரு பக்கம் பாடம், இன்னொரு பக்கம் நீங்கள் செய்யும் வேலை. அவர்கள் ஒரு வரி எழுதினால் நிறுத்திவிட்டு நீங்களும் எழுத வேண்டும். இலவசம். தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் வேகமாகப் பேசினால் தயங்குகிற நம் வீட்டுப் பெண்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

என் தங்கை பெண் நான்காவது தடவை ஆரம்பித்தபோது இப்படித்தான் செய்தாள். மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரை வரை, ஞாயிறு தவிர. பத்து நிமிஷம் பார்த்தால் முப்பது நிமிஷம் பார்க்காமல் எழுத வேண்டும். நாளின் முடிவில் ஒரு நோட்டில் இரண்டு வரி: இன்று என்ன ஓடியது, எங்கே நின்றேன். மறுநாள் அந்த நின்ற இடத்திலிருந்து தொடக்கம். எதற்கும் இரண்டு மாதம் என்று நாள் குறிக்கவில்லை. 'இந்த வாரம் ஒரு பக்கம், அதை ஒருவருக்குக் காட்ட வேண்டும்' என்பதுதான் கணக்கு.

மாமியார் கண்டுபிடித்த பிழை

யாருக்குக் காட்டுவது? இங்கேதான் நமக்கு வேலை வருகிறது. ஒரு நாள் அவள் மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "என்னடி, முகம் வாடி இருக்கே?" என்று கேட்டார். இவள் ஆற்றாமையில், "அம்மா, முதல் வரியில இதைச் சொல்றேன், இரண்டாவது வரியில அதைச் சொல்றேன், மூணாவது வரியில..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மூன்றாவது வரியில் தப்பு அவளுக்கே தெரிந்துவிட்டது. மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அன்றைக்குப் பிழை அவரால்தான் அகப்பட்டது.

வெளிநாட்டில் ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் மேஜையில் ரப்பர் வாத்து பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டு அதனிடம் வரிவரியாக விளக்குகிற பழக்கம் உண்டு. வாத்து கேட்டாலே பிழை தெரிகிறது என்றால், நம் மாமிகள் கேட்டால் தெரியாதா? ஆகவே பெரியவர்களே, "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, நான் என்ன உதவி செய்ய முடியும்?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு எங்கே நின்னுது, சொல்லு" என்று கேளுங்கள். "எப்போ முடிப்பே, எப்போ வேலை கிடைக்கும்?" என்று மட்டும் தினமும் கேட்காதீர்கள்.

தமிழுக்கே இப்படி நடந்த காரியம் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் இருந்த வேதியியல் விஞ்ஞானி டாக்டர் கு. கல்யாணசுந்தரம். கம்ப்யூட்டர் அவர் தொழில் அல்ல. ஆனாலும் 'மயிலை' என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் அடித்துக் கொடுத்தார்கள்; ஒருவர் அடித்ததை இன்னொருவர் பிழை திருத்தினார். அந்த 'இன்னொருவர்' இருந்ததால்தான் காரியம் வருஷக்கணக்கில் நிற்காமல் போயிற்று.

பணம் கட்டும் முன்

கசப்பான விஷயம் ஒன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஒரு பையன், 'வேலை நிச்சயம்' என்று விளம்பரம் செய்த ஒரு கம்பெனியில் – பெயர் வேண்டாம் – கிட்டத்தட்ட மூன்று லட்சத்துக்குச் சேர்ந்தான். அது கட்டணம் என்று அவன் நினைத்தான்; உண்மையில் அவன் பெயரில் எடுத்த கடன். இரண்டாம் மாதம் சந்தேகம் கேட்டால் பதில் வரவில்லை. நான்காம் மாதம் விட்டுவிட்டான். ஈ.எம்.ஐ. மட்டும் அவனை விடவில்லை. அவன் அப்பா என்னிடம் பேசும்போது பையனைத்தான் திட்டினார். எனக்கோ அந்தப் பையன்மேல் கோபம் வரவில்லை.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் தருவார்களா? இது தவணையா, கடனா. கடன் என்றால் யார் கொடுக்கிறார்கள்? சந்தேகத்துக்குப் பதில் சொல்வது யார், எத்தனை மணிக்குள்? என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதம் இலவசப் பாடத்தில் படியுங்கள். ஆசிரியராக இருந்து முப்பது வயதுக்கு மேல் தானே ப்ரோகிராமிங் கற்றுக்கொண்ட குவின்சி லார்சன் என்ற அமெரிக்கர் 2014இல் தொடங்கிய 'ஃப்ரீ கோட் கேம்ப்' இருக்கிறது. மொஸில்லாவின் எம்.டி.என். பக்கங்கள் இருக்கின்றன. ஆறு மாதம் விடாமல் வந்தபின் பணம் கட்டினால் அந்தப் பணம் வீண் போகாது.

"எல்லாவற்றையும் ஏ.ஐ. எழுதிவிடுகிறதே, இன்னும் எதற்குக் கற்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022 நவம்பரில் சாட் ஜிபிடி வந்தபின் கேட்ட நிமிஷத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தருகிறது. ஆரம்ப நிலை வேலைகளுக்கு முன்பைவிடப் போட்டி அதிகம் என்பதையும் நான் மறைக்க மாட்டேன். ஆனால் அது எழுதித் தந்த பக்கத்தில் 53 வந்தால், 8 வர வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டும். வங்கியில் கம்ப்யூட்டர் வந்தபோது எங்களுக்கும் இதே பயம் இருந்தது. லெட்ஜர் போயிற்று, டாலி ஆகாத இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு வேலை இருந்தது. ஏ.ஐ.யிடம் விடையை வாங்காதீர்கள், விளக்கம் கேளுங்கள். அதை ஒரு பக்கத்து மெஷின்காரனாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை பெண்ணுக்கு முதல் வருமானம் வர இரண்டு வருஷம் ஆயிற்று. 2022இல் கல்யாண சமையல் செய்யும் ஒருவருக்கு மெனுவும் போன் நம்பரும் கொண்ட நாலு பக்க வெப்சைட் செய்து கொடுத்தாள், நாலாயிரம் ரூபாய். அடுத்த வருஷம் அந்தேரியில் ஒரு சின்ன கம்பெனியில், வீட்டிலிருந்தே அரை நாள் வேலை. லட்சக்கணக்கில் சம்பளம் இல்லை. ஆனால் ஃபிளாட் கடனில் ஒரு பங்கு இன்று அவளுடையது.

ஒரு வேண்டுகோள்

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் சங்கத்தின் மாடி அறை ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை காலியாகத்தான் இருக்கிறது. நாலு மேஜை, ஒரு வைஃபை, ஒரு ஃபிளாஸ்க் காபி. வாத்தியார் வேண்டாம். படிக்கிறவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும். கடைசி அரை மணி, அந்த வாரம் செய்ததை ஒவ்வொருவரும் காட்டட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இதே கூட்டத்தில் மேடையேறிக் காட்டட்டும். அதுதான் பரீட்சைத் தேதி. வரிசையாக இரண்டு வாரம் வராதவருக்கு நான் போன் செய்கிறேன். ஸ்கேல் கொண்டு வர மாட்டேன் என்று உறுதி தருகிறேன்!

நம் தலைமுறையைத் தூக்கிவிட்டது அந்த ஆறரை மணி மெஷினும், பின்னால் நின்ற அடுத்த ஆளும். அந்த நாற்காலியை இந்தத் தலைமுறைக்கு நாம் போட்டுக் கொடுப்போம். உட்கார்ந்து தட்டுவது அவர்கள் பாடு.